புது வீட்டுக் குளியலறைக்கு ஷவர்: கடைக்கு முன் மொட்டை மாடி

வீடு கட்டுகிறவர்கள் பலரும் ஷவரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான். அப்போது தொட்டி மாடியில் ஏறி உட்கார்ந்திருக்கும், குழாய் சுவருக்குள் போய்ப் பூச்சும் காய்ந்திருக்கும். அதன்பின் எந்த விலைக்கு வாங்கி மாட்டினாலும், அந்தத் தொட்டியும் அந்தக் குழாயும் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் தலையில் விழும்.

கோவைக்கு வெளியே கீழும் மேலுமாக வீடு கட்டியபோது நாங்களும் இப்படித்தான் செய்தோம். ஒரு ஷோரூமில் 8 இஞ்ச் ரெயின் ஷவரைத் திறந்து காட்டினார்கள். மழை போலவே கொட்டியது. வாங்கி வந்து மேல்மாடிக் குளியலறையில் மாட்டினோம். பாதித் துளைகளில் தண்ணீரே வரவில்லை. மீதித் துளைகளில் வந்தது நூல் நூலாக இறங்கித் தோளை மட்டும் நனைத்தது. ஷவரில் ஒரு குறையும் இல்லை. கடையில் அதற்குப் பின்னால் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலோ தலைக்கு மேல் ஆறேழு அடியில் ஒரு தொட்டி, அவ்வளவுதான். குழாய் பதிக்கச் சுவரில் இன்னும் காடி வெட்டாத நிலையில் இருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு எல்லா வழியும் திறந்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: உயரத்தை அளப்பது

ஷவரில் தண்ணீர் வேகமாக வருவதற்குக் காரணம் தொட்டியின் கொள்ளளவு அல்ல, உயரம். 1,000 லிட்டர் தொட்டியானாலும் 5,000 லிட்டர் தொட்டியானாலும் ஒரே உயரத்தில் இருந்தால் அழுத்தம் ஒன்றுதான். 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). அந்தக் கணக்கில் ஒரு அடிக்கு 0.03 பார்.

இதை உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். மேல்மாடியில் தளத்திலிருந்து கூரைக்கு 10 அடி, கான்கிரீட் கனம் அரை அடி, தொட்டி நிற்கும் மேடை 2 அடி. ஷவர் 7 அடி உயரத்தில் இருக்கிறது. ஷவருக்கும் தொட்டியின் அடிக்கும் இடையே ஐந்தரை அடிதான் மிஞ்சும். தொட்டி பாதி நிறைந்திருந்தால் இன்னும் 2 அடி சேரும். மொத்தத்தில் 0.2 பாரைச் சற்றே தாண்டும். கீழ்த்தளத்துக்கு இன்னொரு மாடி உயரம் கூடுவதால் அரை பாருக்கு மேல் கிடைக்கும். ஒரே வீட்டில் கீழ்க் குளியலறை நன்றாக இருந்து மேல் குளியலறை சோர்ந்து கிடப்பதற்கு இதுதான் காரணம். பிளம்பரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தக் கணக்கைப் போட்டதும் பலர் கேட்பது, தொட்டி மேடையை உயர்த்தலாமா என்று. 2 அடியை 4 அடியாக்கினால் 0.06 பார்தான் கூடும். செங்கல்லும் சிமென்டும் கொடுத்து அதை வாங்குவதில் பொருளில்லை. ஆனால் படிக்கட்டு மொட்டை மாடியில் ஏறி முடியும் இடத்தில் போடும் அறையின் கூரைமேல் தொட்டியை வைத்தால் ஒரேயடியாக ஏழெட்டு அடி கூடும். மேல்மாடிக் குளியலறையின் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அந்தக் கூரை தொட்டியின் பாரத்தைத் தாங்குமா என்பதை இன்ஜினியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். கம்பி கட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டால் செலவு சொற்பம்.

அழுத்தத்துக்கு ஏற்ற ஷவர்

0.3 பாருக்குள் இருக்கிறதா? 4 இஞ்ச், மிஞ்சினால் 5 இஞ்ச் முகமுள்ள சாதாரண ஷவர் போதும். முகம் பெரிதாக ஆக, அதே தண்ணீர் அதிகத் துளைகளுக்குப் பங்கு போகிறது, ஒவ்வொரு துளைக்கும் வேகம் குறைகிறது. சின்ன ஷவர் சொட்டுச் சொட்டாக இறங்காமல் பீய்ச்சி அடிக்கும். அரை பார் இருந்தால் 6 இஞ்ச் வரை போகலாம். 8 இஞ்ச், 12 இஞ்ச் ரெயின் ஷவர், கூரையிலிருந்து இறங்குவது, உடம்பின் பக்கவாட்டில் பீய்ச்சும் பாடி ஜெட், எல்லாம் ஒரே பலகையில் இருக்கும் ஷவர் பேனல், வெப்பத்தைத் தானே சரிசெய்யும் தெர்மோஸ்டாட் மிக்சர் ஆகிய எல்லாவற்றுக்கும் 1 பார் அளவில் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டித் தண்ணீரை மட்டும் நம்பி இவற்றை மாட்டாதீர்கள். நல்ல கம்பெனிப் பொருளென்றால் பெட்டியிலோ கையேட்டிலோ குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். நிறத்தையும் வடிவத்தையும் பார்ப்பதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

பெரிய ஷவர்தான் வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டால் பிரஷர் பூஸ்டர் பம்ப் வைக்கலாம். குழாயைத் திறந்ததும் தானே ஓடி, மூடியதும் தானே நிற்கும். அது தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில்தான் இருக்க வேண்டும். ஊராட்சியோ மாநகராட்சியோ தரும் குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டத்துக்குப் புறம்பானது, பக்கத்து வீட்டின் பங்கை எடுப்பதும்கூட. பம்புக்குப் பக்கத்தில், தண்ணீரை ஒரு திசையில் மட்டுமே விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்ட ஒரு பைபாஸ் குழாய் விடச் சொல்லுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்திலும் தண்ணீர் தன் பாட்டுக்கு இறங்கும். பூஸ்டர் வைத்த வீட்டில் கழிப்பறைக் கைக்குழாயின் ஹோஸ் எப்போதும் அழுத்தத்திலேயே இருப்பதால் சீக்கிரம் வெடிக்கும். அதற்குக் கீழே சுவரில் உள்ள சிறு திருகு வால்வை (ஆங்கிள் காக்) மூடிவைக்கும் பழக்கம் வேண்டும்.

பம்ப் வைத்தால் தண்ணீர்ச் செலவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வாளியில் மொண்டு குளித்தால் ஒருவருக்கு 30 லிட்டரில் முடிந்துவிடும். நிமிடத்துக்கு 8 லிட்டர் விடும் ஷவரில் ஏழு நிமிடம் நின்றால் 56 லிட்டர். பம்ப் தள்ளும் பெரிய ரெயின் ஷவர் 15 லிட்டர் விட்டால் அதே ஏழு நிமிடத்துக்கு 105 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டில் காலைக் குளியலுக்கே 400 லிட்டருக்கு மேல் போகும். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது லாரிக்குக் காத்து நின்றவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. போர் ஆழம் போய்க்கொண்டே இருக்கும் ஊரில் புது வீடு கட்டுகிறவர்கள் இந்தப் பெருக்கலை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா

எங்கள் பக்கத்தில் சிறுவாணி அணைத் தண்ணீரை நல்ல தண்ணி என்போம், போர் தண்ணீரை உப்புத் தண்ணி என்போம். நல்ல தண்ணி அடுப்படிக்கு, குளிக்கவும் துவைக்கவும் உப்புத் தண்ணி என்று பிரித்து வாழும் வீடுகள் ஏராளம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்பது ஏற்கத்தக்க அளவு, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. போர் போட்டதும் ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். பரிசோதனைக்கு முன்பே ஓரளவு ஊகிக்கலாம்: சோப்பு நுரைக்காது, எவர்சில்வர் பாத்திரம் காய்ந்ததும் வெள்ளையாகப் படியும்.

அப்படிப்பட்ட தண்ணீருக்கு, துளை ஒவ்வொன்றிலும் மெத்தென்ற ரப்பர் முனை உள்ள ஷவராக வாங்குங்கள். விரலால் தேய்த்தால் உப்பு உதிர்ந்துவிடும். மெல்லிய எவர்சில்வர் தகட்டில் வெறும் ஊசித் துளை போட்ட ஷவர் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சில மாதங்களில் துளைகள் அடைந்து தண்ணீர் கோணல் மாணலாகப் பீய்ச்சும். அடைத்துவிட்டால் கழற்றி, எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரிலோ வினிகரிலோ ஒரு மணி நேரம் ஊற வைத்தால் போதும். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை இதற்குப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம், குரோம் பூச்சை அரித்துவிடும். தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வைக்கலாம்தான். ஆனால் அது தன் பங்குக்கு அழுத்தத்தைக் குறைக்கும், பம்ப் இல்லாத வீட்டில் மேல்மாடிக்கு ஒத்துவராது.

யார் குளிக்கப் போகிறார்கள்

இந்தக் கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டு, பிறகு கடைக்குப் போகலாம். மூட்டுவலியுள்ள அம்மாவோ அப்பாவோ இருந்தால் தலைக்கு மேலுள்ள ஷவர் அவர்களுக்கு உபயோகப்படாது. ஸ்டூலில் உட்கார்ந்து கையில் பிடித்துக் குளிக்கும் ஹேண்ட் ஷவர்தான் வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டவும், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் தலையை மட்டும் அலசவும், கடைசியில் சுவரையும் தரையையும் கழுவிவிடவும் அதுவே கை கொடுக்கும். ஒரு குளியலறைக்கு ஒரே ஒரு ஷவர்தான் வாங்க முடியும் என்றால் ஹேண்ட் ஷவரைத்தான் வாங்கச் சொல்வேன். சுவரில் நெட்டுக்குத்தாக ஒரு கம்பி அடித்து, அதில் மேலும் கீழும் நகரும் கொக்கி இருந்தால் அதையே தலைக்கு மேல் மாட்டி நின்றும் குளிக்கலாம்.

வாளிக்கான குழாயை எடுத்துவிடாதீர்கள். "ஷவர் இருக்கும்போது எதற்கு?" என்று டிசைனர்கள் கேட்பார்கள். மின்சாரம் போனால், தண்ணீர் குறைந்தால், துணி அலச, விருந்தாளிக்கு வெந்நீர் விளாவி வைக்க, வாளிதான் வேண்டியிருக்கும்.

இந்தத் தேவைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பம்ப் இல்லாத நடுத்தர வீட்டுக்கு நான் சொல்வது, வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் த்ரீ இன் ஒன் வால் மிக்சர். சுவருக்கு வெளியே தெரியும் ஒரே பொருளில் வாளிக்குக் குழாய், ஹேண்ட் ஷவர், மேல் ஷவர் மூன்றுக்கும் வழி இருக்கும். எது கெட்டாலும் ஸ்பேனர் வைத்துக் கழற்றிவிடலாம். தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும், சுவருக்குள் பதியும் கன்சீல்டு டைவர்டர் பார்வைக்கு நேர்த்திதான், மறுக்கவில்லை. அதன் உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜை முன்பக்கமாகவே மாற்றிவிடலாம். ஆனால் சுவருக்குள் இருக்கும் பாடியோ அதன் இணைப்போ கசிந்தால் டைல்ஸை உடைத்தே ஆக வேண்டும். அதனால் கன்சீல்டு போடுகிறவர்கள் அதே டைல்ஸில் ஒரு பெட்டி அதிகம் வாங்கி பரணில் போட்டு வையுங்கள், நாலைந்து வருடம் கழித்து அந்த டிசைன் கடையில் இருக்காது.

காடி வெட்டும் நாள்

எந்த மாடல் என்பதை இந்த நாளுக்குள் முடிவு செய்திருக்க வேண்டும். கன்சீல்டு என்றால் அதன் பாடியே கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் அளவு வேறு. "பாயிண்ட் விட்டுடறேன், பொருளை அப்புறம் வாங்கிக்கலாம்" என்று பிளம்பர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஒன்றேகால் இஞ்சோ ஒரு இஞ்சோ இருக்கட்டும். குளியலறைக்குள் முக்கால் இஞ்ச், கடைசியாக, சுவரிலிருந்து குழாய் வெளிவரும் பாயிண்டுக்கு மட்டும் அரை இஞ்ச். மேல்மாடிக் குளியலறைக்குத் தொட்டியிலிருந்தே தனிக் குழாய் விடுங்கள். இல்லையென்றால் கீழே யாராவது குழாயைத் திறந்ததும் மேலே ஷவர் இளைத்துவிடும். குழாயை வளைக்கும் எல்போ எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. இறங்கு குழாயின் தலையில் ஒரு ஏர் பைப் நிறுத்தச் சொல்லுங்கள், காற்றடைப்பு வராது. சூடு, பச்சைத் தண்ணீர் இரண்டுக்குமே சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசி குழாய் போடலாம். வெந்நீருக்குச் சாதாரண பிவிசி ஆகாது.

உயரங்களை எல்லாம் டைல்ஸ் போட்டு முடித்த தளமட்டத்திலிருந்து அளக்க வேண்டும். குளியலறைத் தளம் இன்னும் பள்ளமாக இருக்கும்போது வெறுந்தரையிலிருந்து அளந்துவிட்டு, பிறகு ஷவர் தலையில் இடித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மேஸ்திரியிடம் சுவரில் மட்டக்கோடு போடச் சொல்லி, அதிலிருந்து கணக்கிடுங்கள். ஷவரைத் தாங்கும் குழாயான ஆர்முக்கு 7 அடி. மிக்சர் அல்லது டைவர்டருக்கு 3 முதல் மூன்றரை அடி. டைவர்டருக்குக் கீழே தனியாக வரும் வாளிக் குழாய்க்கு 2 அடி, உங்கள் வீட்டு வாளியையே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். வால் மிக்சரின் சூடு, பச்சை இரண்டு பாயிண்டுகளுக்கும் நடுவே 150 மி.மீ., இடது பக்கம் சூடு. இரண்டும் ரசமட்டம் வைத்து ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் மிக்சர் கோணலாக நிற்கும்.

திருகும் இடம் ஷவருக்கு நேர் கீழே இருந்தால் தினமும் காலையில் முதல் குளிர்ந்த தண்ணீர் தலையில்தான் விழும். ஒன்றரை அடி தள்ளி, கதவுப் பக்கமாக வைத்தால் வெளியே நின்று திறந்து, சூடு வந்ததும் உள்ளே போகலாம்.

கன்சீல்டு பாடியின் பிளாஸ்டிக் மூடியில் எவ்வளவு ஆழம் பதியலாம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். பூச்சு, ஒட்டும் கலவை, டைல்ஸ் மூன்றின் கனத்தையும் கூட்டி, டைல்ஸின் முகம் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே வருமாறு பதிக்க வேண்டும். ஆழமாகப் போனால் கைப்பிடி மாட்ட வராது, வெளியே நின்றால் மூடுதட்டு சுவரோடு ஒட்டாது. நாலரை இஞ்ச் சுவரில் இந்த ஆழத்துக்கு வெட்டினால் மறுபக்கம் பொத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒன்பது இஞ்ச் சுவரைத் தேர்ந்தெடுங்கள், அல்லது கன்சீல்டை விட்டுவிடுங்கள். முதியவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிக் கம்பிக்கான இடத்தையும் இப்போதே குறித்து, அங்கே குழாய் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பசை போட்டு ஒட்டிய குழாயை ஒரு நாள் காயவிட்டு, எல்லா முனையையும் பிளக் போட்டு அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் இறங்குகிறதா என்று சில மணி நேரம் பாருங்கள். முள் அப்படியே நின்றால் பூசலாம். பூசுவதற்கு முன், டேப்பைச் சுவரில் வைத்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். பிற்பாடு ஆணி அடிக்கும்போது அந்தப் படம் குழாயைக் காப்பாற்றும்.

வெந்நீர்

3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் வாளிக்கு மட்டுமே. அதன் 3 கிலோவாட் வெப்பத்தால், நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடும் தண்ணீரை 5 டிகிரிதான் உயர்த்த முடியும். ஷவருக்குச் சேமிப்பு கீசர் வேண்டும். தொட்டித் தண்ணீர் 25 டிகிரி, கீசரில் 60 டிகிரி, குளிக்க 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 15 லிட்டர் கீசர் விளாவி 35 லிட்டர் தரும், நாலு நிமிடக் குளியல். 25 லிட்டர் கீசர் 58 லிட்டர் தரும், ஏழு நிமிடம். கீசருக்கு 16 ஆம்பியர் பாயிண்ட், சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, வீட்டு மின்பலகையில், மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சோலார் வைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பச்சைத் தண்ணீரை மட்டும் பூஸ்டர் தள்ளி, வெந்நீர் சோலார் தொட்டியிலிருந்து தானாக இறங்கினால், மிக்சருக்குள் பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாயில் ஏறி அதை மறித்துவிடும். எவ்வளவு திருகினாலும் சூடு வராது. மிக்சரைத் திரும்பத் திரும்ப மாற்றியும் தீராமல் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே அழுத்தத்தில் வர வேண்டும். பம்ப் இல்லையென்றால் இரண்டும் இயல்பாக இறங்கட்டும். பம்ப் உண்டென்றால் வெந்நீர்க் குழாய்க்கும் சூடு தாங்கும் பூஸ்டர் ஒன்று வையுங்கள், அல்லது அழுத்தம் தாங்கும் வகை சோலாரை வாங்குங்கள். சாதாரண சோலார் தொட்டிக்கு முன்னால் பம்ப் வைத்தால் ஏர் பைப் வழியாகத் தண்ணீர் மாடியில் கொட்டும். மூடிய மின் கீசரில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே மாடித் தொட்டியின் வாயிலிலேயே பூஸ்டர் வைத்தால் இரண்டு குழாய்க்கும் அழுத்தம் ஒன்றாகிவிடும்.

தரையும் மாட்டும் நாளும்

ஷவர் தண்ணீர் வாளித் தண்ணீரைவிட அகலமாகச் சிதறும். வடிகாலை நோக்கி 4 அடிக்கு முக்கால் இஞ்ச் வாட்டம் கொடுங்கள். டைல்ஸ்காரர் போவதற்குள் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி எங்கும் தேங்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். எண்ணெயும் சீயக்காயும் படும் தரைக்கு வழுவழுப்பான டைல்ஸ் வேண்டவே வேண்டாம், சொரசொரப்பானதைத்தான் போட வேண்டும். வடிகாலின் சல்லடை மூடி கையால் தூக்கி எடுக்க வருவதாக இருக்கட்டும், சீயக்காய்ச் சக்கையும் முடியும் அங்கேதான் சேரும். கண்ணாடித் தடுப்பு உப்புத் தண்ணி வீட்டில் தினமும் துடைக்கும் வேலை, துடைக்க ஆளில்லையென்றால் திரைச்சீலை போதும்.

ஷவரை மாட்டும் நாளில் பிளம்பர் அவசரப்படுவார். தலைப்பகுதியை மாட்டுவதற்கு முன் வெறும் ஆர்ம் வழியாக சூடு, பச்சை இரண்டையும் ஐந்து நிமிடம் முழுதாகத் திறந்துவிடச் சொல்லுங்கள். கட்டுமானக் காலத்து மணலும் சிமென்டும் சிபிவிசித் துருவலும் வாளியில் வந்து விழும். தண்ணீர் தெளிந்த பிறகு டெஃப்லான் டேப் சுற்றி ஷவரை முடுக்கலாம்.